பழைய மாடல் கூடைப்பந்து ஷூ: விரல் இடித்தால் வாங்கலாமா?

கேள்வி: 1985-இல் வந்த ஏர் ஜோர்டான் 1 ஷூவின் மறுவெளியீடு ஒன்றை அன்றாடம் அணிய வாங்க நினைக்கிறேன். போட்டுப் பார்த்தபோது பெருவிரல் முனையில் இடித்தது, பக்கவாட்டிலும் இறுக்கம். "தோல்தானே, போடப் போடச் சரியாகிவிடும்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: பாதிதான் நம்பலாம். தோல் அகலவாட்டில் கொஞ்சம் இளகும், நீளவாட்டில் இளகாது. கிண்ணம் போன்ற ரப்பர் அடிப்பாகத்துக்குள் மேல்தோலை இறக்கிச் சுற்றிலும் தைத்திருப்பதால், அந்த ரப்பரின் நீளம்தான் ஷூவின் நீளம். விரல் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். அரை அளவு பெரியதைக் கேளுங்கள்.

மாலையில் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றே உப்பியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸுடன் இரண்டு காலிலும் மாட்டி, லேஸை மேல் துளை வரை கட்டி எழுந்து நில்லுங்கள். மிக நீண்ட கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம் என்பதை மறக்க வேண்டாம். பிறகு கடைக்குள்ளேயே நன்றாக நடந்து பாருங்கள். குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறதா? முன்பாதம் மடங்கும்போது தோலில் விழும் மடிப்பு விரல் மூட்டின் மேல் அழுத்துகிறதா? கழுத்துப் பட்டை கணுக்கால் எலும்பில் உரசுகிறதா? பலர் மடிப்பைக் கவனிப்பதில்லை. கொப்புளம் வருவதோ பெரும்பாலும் அங்கேதான்.

மெத்தென்ற சுகத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்த மாடலில் காற்றறை குதிகாலுக்கு அடியில் மட்டுமே இருக்கிறது, முன்பாதத்துக்கு வெறும் ரப்பர் தளம்தான். நடக்க, ஊர் சுற்ற நல்ல ஷூ. நாள் முழுக்க நின்றபடி வேலை என்றால் வேறு பாருங்கள். கூடைப்பந்து ஆடுவதற்கும் இன்றைய ஷூக்களே மேல்.

அழகைப் பொறுத்தவரை என் கருத்து இது: கணுக்காலை மூடும் உயரம் காலைக் குட்டையாகக் காட்டும். உயரம் குறைந்தவர்களுக்குத் தாழ்ந்த கழுத்துள்ள வகையே எடுப்பாக இருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "பெட்டி பிரிக்காத பழைய சரக்கு" என்று யாராவது விற்றால், நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இதே வரிசையில் பின்னர் வந்த ஏர் ஜோர்டான் 3 போன்றவற்றின் நடுத்தளம், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையிலுள்ள அடுக்கு, பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை. காற்றின் ஈரம் பட்டே அது ஆண்டுகள் போகப் போகச் சிதையும், ஒருநாள்கூட அணியாவிட்டாலும். பத்தாண்டு கடந்த ஜோடி பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், நடக்கும்போதே உதிரக்கூடும். அலமாரியில் வைத்து ரசிக்க மட்டுமே அதை வாங்கலாம்.