நீலகிரியில் இருந்தவர்களும் வந்தவர்களும்: கேள்வி பதில்

நீலகிரியின் நில வரலாறு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி சல்லிவனைப் பற்றியவை. அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, நீலகிரியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்தானே? ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பது உண்மையா?

"கண்டுபிடித்தார்" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். 1603இல் மலபாரிலிருந்து மலையேறி வந்த பெனிசியோ பாதிரியார் அங்கே மலைவாழ் மக்களான தோடரையும் படுகரையும் சந்தித்து எழுதிவைத்திருக்கிறார். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலைக்கு வந்தது 1819இல். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு கட்டினார். 1822இல் ஊட்டியில் கல் பங்களாவைத் தொடங்கினார். அந்தக் கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

ஒரு ரூபாய்க் கதை எங்கும் சொல்லப்படுவதுதான். ஆனால் விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பணம் வாங்கிய தோடர் எதை விற்றதாக நினைத்தார்? எருமை மேய்க்கும் குலத்துக்கு நிலம் என்பது மேய்ச்சலும் நீரும் கோயிலும் சேர்ந்தது. ஒருவர் வந்து தங்க இடம் கொடுப்பது வேறு, தலைமுறைக்கும் கைவிடுவது வேறு. பத்திரம் எழுதியவர் மொழியில் இரண்டும் ஒன்றாகிப்போயின.

சல்லிவனை எளிதில் ஒரு பக்கம் தள்ள முடியாது. தனக்கென்று ஏராளமாக நிலம் சேர்த்தவர் அவர். தோடர்தான் இம்மண்ணின் உடைமையாளர்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விடாமல் வாதாடியவரும் அவரே. கடைசியில் அந்த வாதம் தோற்றது. தோடருக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே, அதுவும் பிறர் எடுத்துக்கொள்ளாத இடத்தில் மட்டுமே என்று 1840களில் கம்பெனியின் இயக்குநர்கள் முடிவுசெய்தார்கள். நீலகிரியின் கதையே அந்த முடிவில் திரும்புகிறது என்பேன்.

படுகரும் வந்தேறிகள்தானே? அவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?

"வந்தேறி" என்ற சொல்லை நான் யாருக்கும் பயன்படுத்துவதில்லை. படுகர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றே அவர்களுடைய மரபுக் கதைகளும் மொழியும் சொல்கின்றன. வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

எப்படி வந்து அமர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். படுகர் தானியம் விளைவித்தார்கள், அதில் ஒரு பங்கு தோடருக்குப் போனது. தோடர் நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் செய்தார்கள். படுகர் வீட்டுச் சாவுக்கு அவர்களே வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மந்திரத்துக்கு எல்லோரும் பயந்தார்கள். இது சமத்துவம் அல்ல. உயர்வு தாழ்வும் பகையும் இருந்தன. குறும்பர் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டதும் உண்டு. ஆனாலும் ஒருவர் இன்றி மற்றவருக்கு வாழ்க்கை இல்லை.

படுகர் கொடுத்த தானியம் குத்தகையா, மரியாதையா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். குத்தகைதான் என்றவர்கள் அதையே தோடரின் உடைமைக்குச் சான்றாகக் காட்டினார்கள். பின்னால் சந்தை வந்தது, காசு வந்தது, தகரமும் பித்தளையும் வந்தன. கோத்தர் கொல்லனுக்கு வேலை குறைந்தது. 1930களுக்குள் பழைய கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அறுந்துவிட்டது.

சல்லிவன் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்று படித்தேன். சரியா?

மேலே சொல்லியாயிற்று தம்பி.

சார், அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்ததோடு இதை ஒப்பிட முடியுமா?

அமெரிக்கா என் துறை அல்ல. எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஆஸ்திரேலியாவோடு ஒப்பிடலாம். அங்கே நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாததாகக் கருதியே பிரிட்டன் குடியேறியது. மரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், அந்தக் கொள்கை தவறு என்று உயர் நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே மாபோ இறந்துவிட்டார். நீலகிரியில் "யாருமில்லை" என்று சொல்ல முடியவில்லை. ஆட்கள் கண்ணெதிரே இருந்தார்கள். அதனால் "தரிசு" என்றார்கள். ஏர் படாத நிலம் தரிசு, தரிசு சர்க்காருடையது, சர்க்கார் அதை விற்கலாம். 1860களில் தரிசு நில விற்பனைக்கு விதிகளே வந்தன. கொய்னா மருந்து தரும் சின்கோனாவும் காப்பியும் தேயிலையும் ஏறிய வழி இது. எஞ்சிய காட்டை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் சுற்றி வளைத்தது.

புல்வெளியைத் தரிசு என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

புல்வெளியில் மரம் நட்டது நல்லதுதானே? காடு பெருகியிருக்கிறதே!

இல்லை. சோலைக் காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான் மேல்மலை. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல், இடையே சதுப்பு. பெய்த மழையை இவை மூன்றும் சேர்ந்து பிடித்துவைத்து மெல்ல விடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) முதலில் விறகுக்காக நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்கும் மலைமலையாக நட்டார்கள். சீகை நட்ட இடத்தோடு நிற்காது. வெட்டினால், எரித்தால் இன்னும் அடர்ந்து முளைக்கும்.

(அதே நண்பர்) மரம் என்றால் மரம்தானே ஐயா? மேய்ச்சல்காரர்களுக்காகப் பசுமையை வேண்டாம் என்கிறீர்களா?

கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். புல்லும் பசுமைதான். தோடர் எருமை தேயிலையைத் தின்னாது, சீகையின் கீழ் புல் முளைக்காது. மந்தை சுருங்கினால் பால் சுருங்கும். தோடர் கோயில் பால்மனைதான். பூசாரி செய்யும் சடங்கு பாலும் மோரும் வெண்ணெயும் சார்ந்தது. ஊட்டியின் முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) கூம்பு வடிவக் கோயில் நிற்கிறது. அதன் கூரைக்கு வேண்டிய புல் சதுப்பில்தான் வளரும். சதுப்பு வற்றினால் கூரை வேய வழியில்லை. மரம் நட்டவர் யாரையும் அடிக்கவில்லை, வீட்டை இடிக்கவில்லை. ஆனாலும் ஒரு மக்களின் உணவும் தெய்வமும் அந்த நாற்றோடு சேர்ந்து அசைந்தன. பைக்காரா, குந்தா மின் திட்டங்களின் அணைகளுக்கு அடியிலும் புல்வெளி மூழ்கியது. அந்த மின்சாரம் சமவெளிக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

என் தாத்தா இலங்கையிலிருந்து வந்து டேன்டீ தோட்டத்தில் வேலை செய்தவர். நாங்களும் பழங்குடி நிலத்தைப் பறித்தவர்களா?

இல்லையம்மா. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது; டேன்டீ என்பது அதுதான். கூடலூர்ப் பக்கம் அந்த நிலத்தில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழ்ந்துவந்தார்கள் என்பதும் உண்மை. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு வந்தவரை, இடம் இழந்தவரின் எதிரில் கொண்டுபோய் நிறுத்தியது நிர்வாகம். உங்கள் தாத்தா மேல் அந்தப் பாரத்தை வைக்காதீர்கள்.

சல்லிவன் நல்லவரா கெட்டவரா? ஒரே வரியில்.

ஒரு வரியில் முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

வன உரிமைச் சட்டத்தில் பட்டா வாங்க என்ன செய்ய வேண்டும்?

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் படி கிராம சபை. அதன் வன உரிமைக் குழுவிடம் மனு கொடுங்கள். பிறகு அது கோட்ட அளவிலான குழுவுக்கும், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தனிப்பட்ட நிலத்தோடு நிற்காமல், மேய்ச்சலுக்கும் தேனுக்கும் சமூக உரிமை மனுவும் சேர்த்துக் கொடுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வழக்கு ஏதும் இருந்தால் வழக்கறிஞரிடம் போங்கள், என்னிடம் அல்ல.

(மரம் பற்றிக் கேட்ட நண்பர்) சரி ஐயா. எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் சீகைக் காடு முன்பு புல்வெளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. பழைய நிலஅளவை வரைபடம் கிடைத்தால் பாருங்கள். பக்கத்தில் "மந்து" என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். காட்டுக்குள் வட்டமான கல் சுவர் தென்பட்டால் அது எருமைத் தொழுவமாக இருக்கலாம், கல்லை எடுக்காதீர்கள். அப்புறம் அருகிலுள்ள மந்தில் ஒரு பெரியவரிடம் போய், உங்கள் எருமைகள் எங்கெல்லாம் மேய்ந்தன என்று கேளுங்கள். ஓடைக்கு ஓடை பெயர் சொல்வார். எழுதிக்கொள்ள நோட்டு எடுத்துப் போங்கள்.