401(கே) பணத்துக்கு மாநில வரி உண்டா?

கேள்வி: சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு 63 வயது, ஓய்வு பெற்றுவிட்டார். போன வருஷம் அவருடைய 401(கே), அதாவது வேலை பார்த்த கம்பெனி வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 டாலர் எடுத்தோம். எடுத்த பணத்தைக் காட்டும் 1099-ஆர் படிவத்தைப் பார்த்து வரி மென்பொருளில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். எங்கள் மாநிலமான இல்லினாயின் வரி மட்டும் கிட்டத்தட்ட 2,000 டாலர் ஏறிவிட்டது. கட்டத்தான் வேண்டுமா? இந்தப் பணம் முன்பு நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது சேர்த்தது, அந்த மாநிலமும் வரி கேட்குமா?

பதில்: கட்ட வேண்டாம் அம்மா, தயவுசெய்து அதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். 401(கே), ஐ.ஆர்.ஏ. (நாமே தனியாகத் தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கு), கம்பெனி பென்ஷன் எதிலிருந்து எடுத்தாலும், ஃபெடரல் (மத்திய அரசு) வரி உண்டே தவிர, இல்லினாய் வரி போடுவதில்லை, அதற்கு வயது வரம்பும் கிடையாது. 40,000-க்கு 4.95 சதவீதம் போட்டுப் பாருங்கள், 1,980 வரும், உங்களுக்கு ஏறியது அதுதான். ஃபெடரல் வருமானம் முழுசாக இல்லினாய் வரிப் படிவமான ஐஎல்-1040-இன் முதல் வரியில் (லைன் 1) வந்து உட்காரும், ஓய்வுப் பணத்தை அதிலிருந்து கழிக்கும் இடம் 5ஆவது வரி (லைன் 5). மாநிலப் பகுதியில் 'இது ஓய்வுக்கால வருமானமா' என்ற மாதிரி ஒரு கேள்வி வந்திருக்கும், அவசரத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். திரும்பப் போய் அதற்குப் பதில் சொல்லுங்கள். 1099-ஆரில் 7ஆம் கட்டத்தில் உள்ள குறியீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள், பக்கத்தில் உள்ள ஐ.ஆர்.ஏ. கட்டத்தில் உங்களுக்கு டிக் இருக்கக் கூடாது. அப்புறம் படிவத்தையே திறந்து 5ஆவது வரியில் 40,000 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வேறு மாநிலத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு எதையும் மாற்றாதீர்கள். கலிஃபோர்னியா இந்தப் பணத்துக்கு வரி போடும், நியூயார்க் 59½ வயதுக்குமேல் 20,000 டாலர் வரை விட்டுவிடும், ஊருக்கு ஊர் வேறு கணக்கு.

நியூ ஜெர்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊரை விட்டுப் போனவர்களின் ஓய்வுப் பணத்தில் பழைய மாநிலம் கை வைக்கக் கூடாது என்று 1996-லேயே ஃபெடரல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1099-ஆரின் 14, 15ஆம் கட்டங்களைப் பாருங்கள். பழைய முகவரியை வைத்து நியூ ஜெர்சிக்கு ஏதாவது பிடித்திருந்தால், அங்கே வசிக்காதவர் என்று தனியாக ஒரு ரிட்டர்ன் போட்டுத்தான் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.