தக்காளித் தோலில் தெரியும் கூர்

கேள்வி: பல நாட்டுக் கத்திகளைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு மிகவும் பிடித்த தயாரிப்பு எது? எந்த எஃகு நல்லது?
– வாசகர், தேனி

பதில்: யோசிக்காமல் சொல்வேன், ஒப்பினெல் மடக்குக் கத்தி. பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கியது. என்னிடம் இருப்பது எட்டாம் எண் அளவு. அலகு எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப்பிடி. 1955-இல் சேர்த்த பூட்டு வளையத்தைத் திருகிவிட்டால் அலகு மடங்காது. கார்பன் எஃகு அலகாகவே வாங்குங்கள். சாணைக்கல்லில் நாலு இழுப்பு போதும். தக்காளித் தோலில் வைத்ததுமே இறங்கும். மாங்காய் நறுக்கியதும் துடைக்காவிட்டால் கருத்துவிடும். (என்னுடையது முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது, எனக்கு அதுதான் அழகு.) கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். துருவுக்குப் பயமென்றால் ஜப்பானின் விஜி-10 எஃகு. துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் சுமார் 15 சதவீதம். என் சமையலறைக் கத்தி அதுதான், தீட்டத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.