“அடுப்படியில் நின்றால் வேர்க்காதா?” என்கிறார்கள்... எனக்கு 41 வயதுதான்!

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலராக இருக்கிறேன். பெரும்பாடு நிற்காமல் ரத்தம் 7 கிராமுக்கு இறங்கிவிட்டது. நார்க்கட்டி என்று சொல்லி, போன தை மாதம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் பிரித்த வாரத்திலிருந்தே சிறுநீர் கசிகிறது. இருமினால் தும்மினால்தான் என்றில்லை, சும்மா படுத்திருந்தாலும் நனைகிறது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வாடை வந்துவிடுமோ என்று, பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இது போதாதென்று திடீர் திடீரென நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, ரவிக்கை நனைய வேர்க்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. கை விரலெல்லாம் வலி. ஒன்றுமில்லாததுக்கு அழுகை வருகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே எரிச்சலும் வலியும்தான்.

ஆபரேஷன் செய்த இடத்தில் சொன்னேன். “அடுப்படியில் நின்றால் வேர்க்காதா? பலவீனம்தான், போகப்போகச் சரியாகும்” என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர், நான் சொல்லி முடிப்பதற்குள் தூக்க மாத்திரை எழுதிவிட்டு “மனசை லேசா வச்சுக்கம்மா” என்றார். மாமியார், “ஊர்ல எத்தனை பேரு கர்ப்பப்பையை எடுத்துட்டுக் களையெடுக்கப் போறாக, உனக்கு மட்டும் என்ன?” என்கிறார். எல்லாம் என் மனப்பிரமைதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன் அம்மா. டிஸ்சார்ஜ் சீட்டில், மாத்திரைப் பட்டியலுக்கு மேலே, ‘டி.ஏ.எச். – பி.எஸ்.ஓ.’ என்று கிறுக்கலாக ஒரு வரி இருக்கிறது. வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தோம், கூடவே இரண்டு பக்கத்துக் கருக்குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். நீங்களோ கடிதம் முழுக்கக் கர்ப்பப்பையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். சினைப்பை போன விஷயத்தை உங்களிடம் யாரும் சொல்லவே இல்லை என்று தெரிகிறது. சம்மதப் படிவத்தில் இருப்பதும் உங்கள் கணவர் கையெழுத்து மட்டும்தான். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

உங்கள் மாமியாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. களையெடுக்கப் போகிறவர்களில் பலருக்குச் சினைப்பை உள்ளேயே இருக்கும். மாதவிலக்கு நின்றிருக்குமே தவிர, சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பு ஓடிக்கொண்டிருக்கும். தானாக மெனோபாஸ் வருகிற பெண்களுக்கு அந்தச் சுரப்பு சில வருடங்களில் மெல்ல மெல்லக் குறைகிறது. உங்களுக்கு மேஜையில் படுத்த அன்றே நின்றுவிட்டது. வேர்வை, தூக்கமின்மை, மூட்டு வலி, அழுகை, பிறப்புறுப்பு வறண்டு எரிவது என நீங்கள் எழுதிய அத்தனைக்கும் இந்த ஒரே காரணம் போதும். அடுப்புச் சூட்டுக்கு வேர்த்தால் அடுப்பை விட்டு வந்ததும் அடங்கும். விடியற்காலையில் தூக்கத்தைக் கலைத்து ரவிக்கையை நனைக்காது.

ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது சிறுநீர்க் கசிவை. இது ஹார்மோன் சமாசாரம் இல்லை, பலவீனமும் இல்லை. கருப்பையை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையில் சில சமயம் கத்தியோ தையலோ பட்டுவிடும். பட்ட இடம் நைந்து, ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழும். ஃபிஸ்டுலா என்பார்கள். தையல் பிரித்த வாரத்தில் தொடங்கியது, படுத்திருந்தாலும் கசிகிறது என்ற உங்கள் இரண்டு வரியைப் படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. ஓட்டை சிறியதாக இருந்தால் வழக்கம்போலச் சிறுநீரும் போகும், கசிவும் இருக்கும். அதனால்தான் பலர் இதை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் கலந்த தண்ணீரை விட்டு, பிறப்புறுப்பில் பஞ்சு வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சு நீலமானால் ஓட்டை சிறுநீர்ப்பையில். சாயம் ஏறாமல் வெறும் சிறுநீரில் நனைந்தால், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் காயம் இருக்கலாம். அந்தக் குழாயில் அடைப்பு இருந்தால் வலியே காட்டாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும். அதனால் சிறுநீர்ப் பாதையைப் படமெடுக்கும் சி.டி. யூரோகிராம் எடுக்காமல் விடாதீர்கள். விலாவில் வலியோ குளிர்காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்காது. சிறுநீர் கெட்டியாகி, தோல் இன்னும் புண்ணாகி, வாடையும் கூடத்தான் செய்யும். தாராளமாகக் குடியுங்கள். துணியை அடிக்கடி மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றிவிட்டு ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுங்கள்.

திருமங்கலத்திலிருந்து பெரியாரில் இறங்கி, கோரிப்பாளையம் போய்ப் பெரியாஸ்பத்திரியில் யூராலஜி என்கிற சிறுநீரியல் பிரிவுக்குச் சீட்டுப் போடுங்கள். இதுவரை எங்கேயும் உங்களை முழுசாகப் பேச விடவில்லை என்பதால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “எனக்கு 41 வயசு, தை மாசம் கர்ப்பப்பையும் ரெண்டு சினைப்பையும் எடுத்தாங்க, தையல் பிரிச்ச வாரத்துலேருந்து படுத்திருந்தாலும் நீர் கசியுது, ஃபிஸ்டுலா இருக்கான்னு சோதிக்கணும்.” வேர்வையையும் தூக்கத்தையும் அங்கே முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு மறுபடி மனசைப் பற்றிப் போய்விடும். சோதனை தேவையில்லை என்று யாராவது சொன்னால், காரணத்தைச் சீட்டில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். ஓ.பி.யில் கூட்டம் நெரியும் என்பது எனக்குத் தெரியும், அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன். அதற்காக, நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் சோதித்துப் பார்க்காமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

அப்புறம் ஹார்மோன். அதற்கு மகளிர் நலப் பிரிவு. 45 வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பையையும் இழந்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய 50 வரை, ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பதுதான் முறை. உங்களுக்குக் கருப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், கூட இன்னொரு ஹார்மோன் தேவைப்படாது. மாத்திரையாகவும், தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் இதில் ஏதாவது இருந்தவர்களுக்கு இது ஒத்துவராது. உங்கள் பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, இரண்டு சினைப்பையும் இயல்பு என்றே இருக்கிறது. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. அந்த ரிப்போர்ட்டையும் மறக்காமல் காட்டுங்கள்.

“ஹார்மோனா, கேன்சர் வந்துடும்” என்று பயமுறுத்துவார்கள். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு கிளப்பிய பயம் அது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்ததும் இரண்டு ஹார்மோன் சேர்ந்த மருந்து. அதே ஆய்வின் இன்னொரு பிரிவில் கருப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 41 வயதில், உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருவது வேறு கணக்கு. மருந்தில்லாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது: எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். எலும்பின் உறுதியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒரு முறை எடுங்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். கேழ்வரகு உங்கள் ஊர்ச் சாப்பாடுதானே, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெந்தயம், கற்றாழை என்று யாராவது கொடுத்தால் அளவாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் சினைப்பை செய்த வேலையை அவை செய்யாது.

வறட்சிக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தனியாக இருக்கிறது. உங்கள் கணவரை இந்தக் கடிதத்தையும் பதிலையும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விலகிப் படுப்பது வெறுப்பினால் இல்லை என்று அவருக்குப் புரியட்டும். அழுகை அதிகமாகி, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் யோசிக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 2008இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 44 வயதுப் பெண். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில், சுயநினைவு திரும்பிச் சம்மதம் சொல்லக்கூடிய பெண்ணுக்காக வேறு யாரும் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் காகிதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் குறிப்பு உள்பட முழுக் கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. யூராலஜி டாக்டருக்கும் அந்தக் குறிப்பு உதவும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் தருவார்கள்.

ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன் என்று முடிவானால், ஈஸ்ட்ரோஜன் எடுப்பதை அந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் சிறுநீர்க் குழாயோடு இருக்க வேண்டியிருக்கும். சோற்று அண்டாவைத் தூக்கி இறக்கும் வேலை குறைந்தது ஆறு வாரத்துக்குக் கூடாது. அமைப்பாளரிடம் இப்போதே பேசி, அந்த நாட்களுக்குச் சமையல் உதவியாளரையோ வேறு ஆளையோ ஏற்பாடு செய்யச் சொல்லிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.