வழக்கில் ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் திரும்புமா?

இம்முறை முதலாளிகளிடமிருந்து வந்தவை எல்லாம் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் (2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது) தொடங்கிய வழக்குகள்.

கே: தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டோம். இனி செலவுத்தொகை (தோற்றவர் நமக்குக் கட்ட வேண்டிய வழக்குச் செலவு) கேட்கலாமா? (கோவை)

ப: தீர்ப்பு வந்த பிறகா கேட்பது? எதிருரையிலேயே (நீங்கள் தாக்கல் செய்யும் பதில் மனுவிலேயே) கேட்டு, ஃபீஸ் ரசீதுகளையும் சேர்த்திருக்க வேண்டும். 1947 சட்டத்தின் பிரிவு 11(7) அதிகாரம் தருகிறது, ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். கிடைத்தாலும் நீங்கள் செலவழித்ததில் சிறு பங்குதான்.

கே: செலவுத்தொகை உத்தரவாகியும் தொழிலாளி கட்டவில்லை.

ப: அரசுக்கு மனு கொடுங்கள். நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம்.

கே: வக்கீலுக்கு ஒன்றரை லட்சம் ஆனது. அதைத் தொழிலாளியின் கிராஜுவிட்டியில் (பணிக்கொடையில்) கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா? (திருப்பூர்)

ப: கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மட்டும் நிற்பதில்லை. கிராஜுவிட்டி அவர் உழைத்துச் சேர்த்த பணம். 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டம் (இதுவும் 2025 நவம்பர் வரை இருந்தது) அதைப் பிடித்துவைக்கச் சில காரணங்களைத்தான் ஏற்றது: அவரால் நிறுவனத்துக்குச் சொத்து நஷ்டம், வன்முறை, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம். அதுவும் அந்தக் காரணத்துக்காகவே வேலைநீக்கம் செய்திருந்தால்தான். வக்கீல் ஃபீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. செலவுத்தொகை உத்தரவு கையில் இருந்தாலும் கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது, அந்தச் சட்டத்தின் பிரிவு 13-இல் தடை உண்டு. 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் சுமார் 10 சதவீதம் வட்டியும் சேரும். ஒன்றரை லட்சத்தை மீட்கப் போய் இன்னொரு வழக்கை வாங்காதீர்கள். பி.எஃப். பணத்துக்கும் இதே பதில்தான். செலவுத்தொகையை நீதிமன்றத்தில், ரசீதோடு, எழுத்தில் கேளுங்கள்.

கே: எங்கள் வக்கீல் ஆஜராவதை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது.

ப: 1947 சட்டத்தின் பிரிவு 36(4)-ன்படி எதிர்த்தரப்பு சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். நீங்கள் உறுப்பினராக உள்ள முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி ஆஜராகலாம், செலவும் குறையும்.

கே: உயர் நீதிமன்றத்தில் நாங்கள் ஜெயித்தால், அங்கே வழக்கு முடியும்வரை தொழிலாளிக்குப் பிரிவு 17பி-யில் கொடுத்த சம்பளம் திரும்புமா?

ப: பொதுவாகத் திரும்பாது. மறுபணி உத்தரவை (தொழிலாளியை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்வது) எதிர்த்து மேலே போகும் முன்பே இதையும் கணக்கில் சேருங்கள்.

கே: வழக்குச் செலவு கிடைக்குமா? (ஊர், விவரம் இல்லை)

ப: எந்த நீதிமன்றம், என்ன நிலை, எதிருரையில் கேட்டீர்களா? இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். ரசீதுகளை இன்றே ஒரு கோப்பில் சேருங்கள்.