பட்டறைக்குள் எது சூடு தாங்கும்?

திருகோணமலைப் பக்கத்து வெல்டிங் பொடியன்கள் கேட்டவையும் என் பதில்களும்.

நிலாவெளி: அண்ணை, கிடுகுக் கொட்டிலுக்குள்ளதான் வேலை. சுத்திவர நீலப் படங்கு கட்டினா பொறி வெளியே போகாதுதானே?

கட்டாதீங்க தம்பி. படங்கு பொலித்தீன், 130 பாகைக்கே உருகிச் சொட்டும். இரும்பு உருகுறது 1500 பாகைக்குக் கிட்ட. பொறி 10 மீற்றர் தாண்டியும் பறக்கும். கச்சான் காத்து அடிக்கிற நாளில சொல்லவே வேண்டாம். கூரைக்கும் சுவருக்கும் தகரம் அடிங்க. அதுவரை முற்றத்தில வேலை செய்ங்க. முடிஞ்ச பிறகும் ஒரு மணித்தியாலம் புகை வருதா எண்டு பாருங்க.

கொட்பே: பைபர் வள்ளத்துக்குள்ள ஒரு இரும்புத் தாங்கி ஒட்டவேணும். ஈரச் சாக்கு போட்டு மூடினாக் காணுமா?

சாக்கு காய்ஞ்சா அதுவே விறகு. ஈரமா இருந்தா கரண்ட் அடிக்கிற பயம். முதல்ல தாங்கியைக் கழற்றி வெளியே எடுக்கப் பாருங்க. வழியே இல்லையெண்டா பெற்றோல் டாங்கை இறக்கிப்போட்டு, வெல்டிங் போர்வை விரியுங்க. கண்ணாடி நார்ப் போர்வை 550 பாகை மட்டும் தாங்கும், சிலிக்காப் போர்வை 1000 பாகைக்குக் கிட்ட. வள்ளத்திலயும் அதே கண்ணாடி நார்தான், ஆனா அதைப் பிடிச்சிருக்கிற ரெசின் நல்லா எரியும்.

மேலயிருந்து சிதறுற பொறிக்குக் கண்ணாடி நார் காணும். உருகின துளி தேங்கி நிக்கிற இடத்துக்கு சிலிக்காதான். நான் ஒருக்கா கண்ணாடி நார்ப் போர்வையைச் சுருக்கத்தோட விரிச்சிட்டன். ஒரு துளி அந்த மடிப்புக்குள்ள உருண்டு போய் நிண்டுது. ரெசின் மணம் மூக்கில ஏறின பிறகுதான் தூக்கிப் பார்த்தன்: அஞ்சு ரூபாக் குத்தி அளவு ஓட்டை, கீழே கருகின வள்ளம். சரிவா, சுருக்கமில்லாம விரியுங்க.

கிண்ணியா: பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை மேசைக்கு மேல போடலாமா? எரியாதே.

எரியாது. சூடேறினா வெடிச்சுச் சிதறும், கிரைண்டர் பட்டாத் தூசி நுரையீரலுக்குள்ள போய்த் தங்கும். அதால வாற புற்றுநோய் தெரியவர இருபது, முப்பது வருசமும் ஆகலாம். மேசைக்கு 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு, காஸால சூடேத்துற வேலைக்கு அடியில தீச்செங்கல்.

தம்பலகாமம்: காஸால வெட்டேக்க சீமெந்துத் தரை 'பட்'டெண்டு தெறிக்குது, ஏன்?

உள்ளுக்கிருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்குது. துண்டை உயர்த்தி வைச்சு, கீழே காய்ஞ்ச மணல் பரப்புங்க. ஈர மணல் கூடாது.

உப்புவெளி: பழைய ஜேர்சி போடலாமா?

பொலியெஸ்டர் உருகித் தோலோட ஒட்டும், பிறகு உரிச்சுத்தான் எடுக்கவேணும். தடிச்ச பருத்திச் சேட்டும் தோல் ஏப்ரனும் போடுங்க. களிசான் கால் சப்பாத்துக்கு வெளியே விழட்டும். செருப்போட வாறவனை நான் மெசினுக்குக் கிட்ட விடுறதில்லை.