ராக் குழுவிலிருந்து வெளியே வந்த பாடகர்களின் தனி ஆல்பங்களில் கட்டாயம் கேட்க வேண்டியது எது?

என்னைக் கேட்டால் ஓஸி ஆஸ்போர்னின் 'பிளிசர்ட் ஆஃப் ஓஸ்' (1980). ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். நான் அதில்தான் ஏமாந்தேன்.

1979 ஏப்ரலில் பிளாக் சபாத் என்ற ராக் குழு தன் பாடகரான ஓஸியை வெளியே அனுப்பியது. குடியும் போதையும் காரணம். மற்ற மூவரும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை, அது வேறு கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் குடித்துக்கொண்டே கிடந்த மனிதரைக் கிளப்பிவிட்டவர் குழுவின் மேலாளரின் மகள் ஷாரன். பின்னாளில் அவரையே ஓஸி மணந்துகொண்டார். கிதாருக்கு ராண்டி ரோட்ஸ் வந்தார். அப்போது வயது 22, அம்மாவின் இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பேஸுக்கு பாப் டெய்ஸ்லி, டிரம்ஸுக்கு லீ கெர்ஸ்லேக், கீபோர்டுக்கு டான் ஏரி.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்த ஆல்பத்தின் 'கிரேஸி ட்ரெய்ன்' பாட்டில் வரும் கிதார் சோலோவை (தனி வாசிப்பை) கேளுங்கள். ஒரு கிதார்போல இருக்காது. ராண்டி வாசித்ததையே திரும்பவும் அச்சு அசலாக வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு வேகத்தில் ஒருமுறை வாசிப்பதே பெரிய விஷயம். அதே ஆள்தான் 'டீ' என்று தன் அம்மா பெயரில் ஒரு நிமிடம்கூட வராத கிளாசிக்கல் துணுக்கையும் வாசித்திருக்கிறார்.

பாடல் வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதியவை. 'சூசைட் சொல்யூஷன்' பாட்டை ஓஸியின் குடியை மனதில் வைத்தே எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றிய எச்சரிக்கையை ஓஸியே தன் வாயால் பாடியிருக்கிறார்! இந்தக் கூட்டணிக்கு வைக்க நினைத்த பெயர்தான் 'பிளிசர்ட் ஆஃப் ஓஸ்'. அட்டையில் ஓஸியின் பெயர் பெரிதாக விழுந்து, குழுவின் பெயர் ஆல்பத்தின் பெயராகிவிட்டது. அப்படித்தான் இது 'தனி' ஆல்பம் ஆனது.

சரி, நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். கல்லூரி நாட்களில் ஆசையாக ஒரு சிடி வாங்கி, தேயத் தேயக் கேட்டேன். சில வருடம் கழித்து நண்பன் வீட்டில் பழைய கேசட்டில் அதே பாடல்கள் ஓடின. குரல் அதேதான், கிதார் அதேதான், ஆனால் டிரம்ஸ் வேறு யாரோ! கேசட்தான் போலி என்று சண்டைகூட போட்டேன். போலி என்று சொல்ல வேண்டுமானால் என்னுடையதைத்தான் சொல்ல வேண்டும். டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். நான் வாங்கியது 2002 மறுவெளியீடு. அதில் அவர்கள் இருவரின் வாசிப்பையும் அழித்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வாசிக்க வைத்துச் சேர்த்திருந்தார்கள். இருவரும் நல்ல வாசிப்பாளர்கள்தான். ஆனால் ராண்டி 1982-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். இருபது வருடத்துக்கு முன் வாசித்து முடித்தவரோடு அவர்கள் எப்படி ஒட்டி வாசிக்க முடியும்? 2011 பதிப்பில் அசல் பதிவு திரும்ப வந்தது. அதை வாங்குங்கள், அல்லது பழைய எல்பி இசைத்தட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

கெர்ஸ்லேக் 2020-இல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய வருடம், அவர் ஆசைப்பட்டுக் கேட்டிருந்த பிளாட்டினம் தகடுகளை (ஆல்பம் பெருமளவில் விற்றதற்கான கௌரவத் தகடுகள்) ஓஸி அனுப்பிவைத்தார். அவற்றில் ஒன்று இந்த ஆல்பத்துக்கு.